மொத்தத்தையும் புடுங்கிடலாம்னு சொன்னா கொஞ்சம் நில்லுங்க

வாய் நிறைய சொத்தைப் பல்லோட டென்டிஸ்ட் கிட்ட போனா என்ன ஆகும்னு எங்க சித்தி விஷயத்துல நல்லாவே பார்த்துட்டேன். ஒரு க்ளினிக்ல, இருக்குற பல்லு எல்லாத்தையும் எடுத்துட்டு மேலயும் கீழயும் இம்ப்ளான்ட் (எலும்புல ஸ்க்ரூ பதிச்சு அது மேல பல்லு) வச்சிடலாம்மா, தொல்லை விட்டுச்சுன்னாங்க. இன்னொரு க்ளினிக்ல ஒண்ணைக் கூட எடுக்க வேணாம், எல்லாத்துக்கும் ரூட் கெனால் பண்ணி (உள்ள இருக்குற நரம்பை எடுத்து சுத்தம் பண்ணி அடைச்சு) மேல கேப் மாட்டிடலாம்னாங்க. அதே வாய், அதே ஓபிஜி எக்ஸ்ரே, நேர் எதிரான ரெண்டு பதில். எஸ்டிமேட் மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. சித்தப்பா ரெண்டு பேப்பரையும் மடிச்சு சட்டைப் பையில வச்சிக்கிட்டு "வாழைப்பழம் சாப்பிடுறதுக்கு எதுக்குடி பல்லு"ன்னு கேட்டுட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பிஜி படிக்கிற ஒரு பொண்ணுதான் பார்த்துச்சு. அது முதல்ல என்ன பண்ணணும்னு பேசவே இல்ல, ஒரு பேப்பர்ல பல்லு நம்பர் எல்லாம் எழுதி மூணு கட்டம் போட்டுச்சு: வைக்கலாம், சந்தேகம், எடுக்கணும். அப்புறம் ஒவ்வொரு பல்லா காத்து அடிச்சுக் காய வச்சு, கண்ணாடி விட்டுப் பார்த்து, பஞ்சுல ஐஸ் மாதிரி ஏதோ ஸ்ப்ரே அடிச்சு பல்லுல வச்சு "கூசுதாம்மா, எடுத்த உடனே போயிடுச்சா இல்ல நிக்குதா"ன்னு கேட்டு, கண்ணாடியோட கைப்பிடியால லேசா தட்டி, ஆடுதான்னு அசைச்சு, மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிசு கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு ஆழம் அளந்து, சந்தேகமா இருக்குற பல்லுக்கெல்லாம் தனியா சின்ன எக்ஸ்ரே எடுத்துச்சு. ஓபிஜி மொத்த தாடையையும் ஒரே படத்துல காட்டும்தான், ஆனா ஒரு பல்லோட வேர் நுனியில என்ன நடக்குது, ரெண்டு பல்லுக்கு நடுவுல சொத்தை எவ்வளவு உள்ள போயிருக்குன்னு துல்லியமா பார்க்க அந்த சின்ன எக்ஸ்ரேதான் சரியாம்.

எனக்கு இதுல பெரிய ஆச்சரியம் என்னன்னா, சித்தியை ராத்திரி தூங்க விடாம அழ வச்ச மேல் பல்லு "வைக்கலாம்" கட்டத்துக்குப் போச்சு. வலியே இல்லாம வருஷக்கணக்கா அமைதியா இருந்த கீழ்க் கடவாய்ப் பல்லு "எடுக்கணும்" கட்டத்துக்குப் போச்சு. நம்ம ஊர்ல எல்லாரும் வலியை வச்சுதான் கணக்கு போடுவோம், வலிச்சா கெட்ட பல்லு, வலி நின்னா சரியாயிடுச்சு. உண்மையில அது வேற. சொத்தை பல்லோட வெளி ஓடான எனாமலைத் தாண்டி உள் அடுக்கான டென்டினுக்கு வந்தாதான் கூச்சம் ஆரம்பிக்கும். அந்த ஐஸ் பஞ்சை எடுத்த உடனே கூச்சம் போயிட்டா உள்ள இருக்குற நரம்பு இன்னும் தேறிக்கும், ஃபில்லிங்கே போதும். எடுத்த பிறகும் வலி நின்னு இழுத்தா, ராத்திரி தானா எழுப்பி விட்டா, நரம்பு இனிமே தேறாது, ரூட் கெனால் இல்லன்னா எடுக்குறது. அதுக்கும் அடுத்த கட்டத்துல நரம்பு செத்தே போயிடும், வலியும் நின்னுடும், "கிராம்பு வச்சேன் சரியாப் போச்சு"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதான்னு நினைக்கிறேன். செத்த நரம்புல கிருமி குடியேறி வேர் நுனி வழியா எலும்பைத் தின்னுட்டு இருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் சீழ் கட்டி கன்னம் வீங்குறப்பதான் தெரியும்.

சரி, அப்ப எதை வச்சு ஒரு பல்லைக் காப்பாத்தலாம்னு சொல்றாங்க? மிச்சம் எவ்வளவு நல்ல பல்லு இருக்குன்றதை வச்சுதான். ரூட் கெனால் பண்றது பெரிய விஷயம் இல்லம்மா, அது மேல போடுற கேப் எதைப் புடிச்சு நிக்கும்னுதான் பார்க்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. ஈறுக்கு மேல சுத்தி வர சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது கெடாத பல்லு இருக்கணுமாம், அதுக்கு ஃபெரூல்னு பேரு. பாட்டில் மூடி மாட்ட கழுத்து வேணும் இல்லையா, அது மாதிரி. அந்தக் கழுத்து இல்லாம வேருக்குள்ள கம்பி விட்டு மேல மெட்டீரியல் வச்சுக் கட்டி கேப் போட்டா, கொஞ்ச நாள்ல கேப் கழண்டு வரும், இல்ல வேரே நெடுக்க விரிஞ்சிடும், விரிஞ்ச வேருக்கு வைத்தியம் கிடையாது, எடுத்துதான் ஆகணும். சில பல்லுக்கு ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்கி அந்தக் கழுத்தை வெளிய கொண்டு வரலாம், எல்லாத்துக்கும் முடியாது. அதோட சுத்தி எலும்பு பாதிக்கு மேல கரைஞ்சு பல்லு மேலயும் கீழயும் ஆடுச்சுன்னா, சொத்தை சின்னதா இருந்தாக் கூட பிரயோஜனம் இல்ல. எல்லாத்துக்கும் ரூட் கெனால்னு எழுதிக் கொடுத்த அந்த எஸ்டிமேட்ல, மேல பல்லே இல்லாத வேர்க்கட்டைகளுக்கும் கேப் போட்டிருந்தாங்க. எனக்கு அதைப் பார்த்தா இன்னும் கடுப்பாகுது.

எப்படி இவ்வளவு கெட்டுச்சுன்னும் கேட்டாங்க, அது ரொம்ப முக்கியமான கேள்வி. சித்தி இனிப்பு அதிகமா சாப்பிடற ஆளே இல்ல. நரம்பு வலிக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் மாத்திரை போடுறாங்க, அதுல வாய் காஞ்சு போகும், காயுதேன்னு நாள் பூரா ஆரஞ்சு மிட்டாய் ஒண்ணை கன்னத்துல அடக்கிக்குவாங்க. அளவு பெருசில்ல, எத்தனை தடவைன்றதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை சர்க்கரை உள்ள போறப்பவும் வாயில இருக்குற பாக்டீரியா அதை அமிலமாக்கும், பிஎச் (அமிலத்தை அளக்குற எண், குறையக் குறைய அமிலம் ஜாஸ்தி) சுமார் 5.5க்குக் கீழ இறங்குனா எனாமல் கரைய ஆரம்பிக்கும், எச்சில்தான் அதைத் திரும்ப ஏத்தணும். இங்க எச்சிலும் இல்ல, மிட்டாயும் நிக்கல. இதை மாத்தாம லட்ச ரூபாய்க்கு கேப் போட்டாலும் கேப் ஓரத்துலயே திரும்ப சொத்தை வரும். மாத்திரையை அவங்களா நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டர் கிட்ட பேசணும்னாங்க. மிட்டாய் நின்னுடுச்சு, இப்ப தண்ணி பாட்டிலும் சுகர் இல்லாத சூயிங்கமும். (சித்தி சூயிங்கம் மெல்லுறதை எங்க தெருவே வேடிக்கை பார்க்குது.)

வேலையை எந்த வரிசையில செய்யறாங்கன்றதும் பார்க்க வேண்டிய விஷயம். முதல்ல வலியும் சீழும். அப்புறம் "எடுக்கணும்" கட்டத்துல இருக்குறதை எடுத்து, க்ளீன் பண்ணி, மீதி எல்லா ஓட்டையையும் ஜிஐசின்ற சிமென்ட் வச்சு தற்காலிகமா அடைச்சுட்டாங்க, அப்பதான் மத்தது கெடறது நிக்கும். கேப், பல் செட் எல்லாம் அதுக்கப்புறம்தான். முதல் நாளே கேப் கலர் செலக்ட் பண்ணச் சொல்ற இடத்துல நான் உஷாராயிடுவேன். வேர் பக்கம் கைக்கு எட்டாத இடத்துல இருந்த ஒரு சொத்தைக்கு சில்வர் டயமைன் ஃப்ளோரைடுன்னு ஒரு சொட்டு தடவினாங்க, ஊசியும் இல்ல, ட்ரில்லும் இல்ல, சொத்தை பெரும்பாலும் அங்கயே நின்னுடும், ஆனா அந்த இடம் நிரந்தரமா கருப்பாயிடும். முன்பல்லுக்கு யோசிக்கணும், பின்னாடி யாரு பார்க்கப் போறா. படுத்த படுக்கையா இருக்குற பெரியவங்களுக்கும் சேர்ல உக்கார மாட்டேன்னு கத்துற சின்னப் புள்ளைங்களுக்கும் இது ரொம்ப உபயோகம். உலக சுகாதார நிறுவனம் 2021ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க, ஆனா நிறைய க்ளினிக்ல இதைப் பத்தி வாயே திறக்குறதில்ல.

கீழ்த்தாடையில சித்திக்கு மிஞ்சுனது ரெண்டு கோரைப் பல்லு, அதுவும் மேல உடைஞ்சது. நான் அதையும் எடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். வேர் நல்லா நீளமா எலும்புல உறுதியா இருந்துச்சு, அதனால ரெண்டுக்கும் ரூட் கெனால் பண்ணி, ஈறு மட்டத்துக்கு மழிச்சு மூடி வச்சு, அது மேல கழட்டி மாட்டுற பல் செட் உக்கார வைக்கிறாங்க. பல்லை எடுத்த இடத்துல தாடை எலும்பு வருஷம் ஆக ஆக கரைஞ்சுகிட்டே போகும், கீழ் பல் செட் அதனாலதான் பேசறப்ப துள்ளும். வேர் இருந்தா அந்த இடத்துல எலும்பு நிக்கும், மெல்லறப்ப எவ்வளவு அழுத்துறோம்னும் தெரியும். இம்ப்ளான்ட் செலவுல ஒரு சின்னப் பங்குதான் ஆகுது.

எடுக்குற அன்னைக்கு சித்தி கிளப்புன ரகளை தனிக்கதை. "மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடும்டி, எங்க அத்தைக்கு அப்படித்தான் ஆச்சு". பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்கான நரம்பு வேற, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லம்மான்னு அந்தப் பொண்ணு படம் போட்டுக் காட்டிச்சு, சித்தி நம்பல, ஆனா வாயைத் திறந்துட்டாங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஈகோஸ்பிரின் மாத்திரையை நிறுத்திட்டு வரவான்னு கேட்டதுக்கு வேணாம்னுட்டாங்க, தையல் போட்டு பஞ்சைக் கடிக்க வச்சு ரத்தத்தை நிறுத்திக்கலாம், மாத்திரையை விட்டு ஹார்ட்டுக்கு ஏதாவது ஆனா அதுதான் பெரிய ஆபத்துன்னு. இது அவங்கவங்க மாத்திரையைப் பொறுத்தது, கேட்டுட்டுதான் செய்யணும்.

மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு நாளைக் கடத்துறவங்களுக்கு மட்டும் ஒண்ணு: வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, செத்த நரம்புக்குள்ள ரத்தமே ஓடாதப்ப மருந்து எப்படிப் போகும். அதே சமயம் தாடைக்குக் கீழ வீங்கி, நாக்கைத் தூக்குற மாதிரி இருந்து, வாய் திறக்க முடியாம, எச்சில் முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா பல் க்ளினிக் திறக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. கீழ்க் கடவாய்ப் பல்லு சீழ் கழுத்துக்கு இறங்குனா மூச்சையே அடைக்கும்.

அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கு, சிதம்பரம் அண்ணாமலை நகர்லயும் புதுக்கோட்டையிலயும் இருக்கு. கூட்டம் இருக்கும், பல தடவை வரச் சொல்லுவாங்க, ஒரு நாள் லீவு போட்டுப் போனா முடியாது. எங்க போனாலும் எக்ஸ்ரே படத்தை மொபைல்ல வாங்கிக்கோங்க, எந்தப் பல்லு எந்தக் கட்டம், ஏன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க. சித்தியோட பேப்பர்ல "சந்தேகம்" கட்டத்துல இன்னும் ஒரு பல்லு இருக்கு, ரூட் கெனால் பண்ணி ஜிஐசி வச்சு விட்டிருக்காங்க, அடுத்த எக்ஸ்ரேல வேர் நுனி எலும்பு தேறியிருந்தா கேப், இல்லன்னா அதுவும் பல் செட்டுல சேர்ந்துடும்.