கலங்கிய சிறுநீரும் கலங்கிய மனமும்

கோவைக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்துக்கு வாரம் இருமுறை மருத்துவராகச் சென்றுவந்த காலத்தில், "டாக்டர், எட்டாம் ரூம் அம்மா ராத்திரியெல்லாம் ஒரு மாதிரியா பேசுறாங்க, யூரின் அனுப்பிடலாமா?" என்று செவிலியர்கள் கேட்காத வாரம் இல்லை. முதியவர் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றுதான் காரணம் என்பது அவர்கள் நம்பிக்கை; தொடக்கத்தில் நானும் யோசிக்காமல் தலையசைத்தேன். கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஈ.கோலை என்ற குடல் கிருமி வளரும், நான் ஆன்டிபயாடிக் எழுதுவேன், நான்கைந்து நாளில் அம்மா தெளிந்துவிட்டால் மருந்து கேட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவோம்.

இத்தகைய இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 15 முதல் 40 விழுக்காட்டினருக்கும், எந்தத் தொல்லையும் தராமலே சிறுநீரில் கிருமி குடியிருக்கும் என்பதை நான் படித்திருந்தும் கட்டிலருகே மறந்துபோனேன். அவர்களுடைய சிறுநீரில் சீழணுக்கள் தென்படுவதும் சாதாரணம். ஆக, எவருடைய சிறுநீரை எந்த நாளில் அனுப்பினாலும் அறிக்கை நம் சந்தேகத்துக்கு ஒத்து ஊதக்கூடும். அன்றைய மனக்குழப்பத்துக்கு அதுதான் காரணமா என்பதை மட்டும் அது சொல்லாது.

82 வயதான அந்த அம்மாவுக்கு நான்கு மாதத்தில் மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்து, மூன்றாம் முறை வயிற்றுப்போக்கில் அவர் துவண்டு, டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. நான்காம் முறை அழைத்தபோதுதான் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் மலம் கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. பதிவேட்டில் 'மோஷன்' கட்டம் ஐந்து நாளாக வெறுமையாக இருந்தது. முந்தைய வாரம் அரிப்புக்கென நானே எழுதிய, தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை, முதியவர்களுக்கு மலச்சிக்கலையும் மனக்குழப்பத்தையும் சேர்த்தே கொடுக்கக்கூடியது. காய்ச்சலோ நீர்க்கடுப்போ இல்லை. மாத்திரையை நிறுத்தி எனிமா கொடுத்த மூன்றாம் நாள், காபியில் சர்க்கரை போதவில்லை என்று அவர் பழையபடி சண்டை பிடித்தார்.

சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் தொடங்க, கனடாவின் மருத்துவர் மார்க் லோப் முதலானோர் 2001-இல் வகுத்த அளவுகோலின்படி, சிறுநீர்க் குழாய் இல்லாதவருக்குப் புதிதாக நீர்க்கடுப்பு வேண்டும், அல்லது காய்ச்சலோடு அடிவயிற்று வலி, அடிக்கடி நீர் பிரிதல், சிறுநீரில் ரத்தம் போன்ற ஏதேனும் ஒன்று புதிதாக வேண்டும். நாற்றமும் கலங்கலும் அதில் இல்லை. சிறுநீர்க் குழாய் வைத்திருந்த ஒரு பெரியவர் 102 டிகிரி காய்ச்சலில் நடுங்கியபோது நான் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. பழைய குழாயை மாற்றி, புதியதிலிருந்து மாதிரி எடுத்த கையோடு ஊசி மருந்தைத் தொடங்கினேன்.

உண்மையில் கடினமானது தொலைபேசிதான். "அப்போ அம்மாவுக்கு டெஸ்ட்கூட எடுக்க மாட்டீங்களா, டாக்டர்?" என்றார் பெங்களூரில் இருந்த மகள். நாளுக்கு மூன்று வேளை காய்ச்சல் பார்ப்பதையும், குடிக்கும் தண்ணீரை அளந்து எழுதுவதையும், வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றே சோதிப்பதையும் விளக்கினேன். அரைமனதாகச் சரி என்றவர், அன்றிரவு செவிலியரை மூன்று முறை அழைத்திருக்கிறார்.