வலை மடியில் வரும் ஆமையெல்லாம் செத்த ஆமை இல்லை

ஜனவரி பிறந்தால் காட்டுப்பள்ளித் தீவிலிருந்து பழவேற்காடு வரைக்குமான மணலில் முட்டையிட, பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) கரையோரக் கடலில் கூடும். (ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பெரும்பாலும் கருங்கல் கொட்டியாகிவிட்டது. அங்கே ஏறி வர மணல் ஏது?) விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது, அதாவது முட்டையிடும் பருவம் ஏறக்குறைய முடிந்த பிறகு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம்.

ஆமைக்குச் செவுள் கிடையாது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கித் திமிறும்போது இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்து மயங்கிவிடும். படகுத் தளத்தில் கொட்டும்போது அசையாது, கண் திறக்காது. செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டால், உயிரோடிருந்த ஆமை அப்போதுதான் மூழ்கிச் சாகும். உடம்பு விறைத்திருந்தாலோ, சதை அழுகியிருந்தாலோ மட்டுமே அது செத்த ஆமை.

அப்படி இல்லாத ஆமையை வயிறு கீழே இருக்கும்படி கிடத்துங்கள். மல்லாத்தக் கூடாது. நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருப்பதால், மல்லாந்தால் குடல் அதன்மேல் அழுத்தும். பின்பக்கத்துக்கு அடியில் மீன் ட்ரேயோ சுருட்டிய வலையோ வைத்து அரையடியாவது உயர்த்த வேண்டும், நுரையீரலில் போன தண்ணீர் வாய் வழியாக வடியத்தான் இது. தூக்கும்போது ஓட்டின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் பிடியுங்கள். 35, 40 கிலோ எடை துடுப்பு போன்ற காலில் தொங்கினால் மூட்டு விலகும். நெஞ்சை அமுக்குவது, தொட்டித் தண்ணீரில் விடுவது இரண்டும் வேண்டாம். நிழலில் வைத்து, நனைத்த சாக்கைப் போர்த்தி, மூக்கை மட்டும் திறந்து விட்டால் போதும். அவ்வப்போது ஓட்டை இடமும் வலமுமாக மூன்று அங்குலம் மெல்லத் தூக்கி இறக்கலாம். கண்ணோரத்தை லேசாகத் தொட்டோ வாலைக் கிள்ளியோ உணர்ச்சி வருகிறதா என்று பார்க்கலாம்.

தெளிய 4 மணி நேரம் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். காசிமேட்டு விசைப்படகுகள் பல நாள் தங்கித் தொழில் செய்பவை, எனவே இடமும் நேரமும் உண்டு. உண்மையில் தடுப்பது பயம்தான். ஆமை 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், படகில் வைத்திருந்தால் வழக்கு வருமோ என்று உடனே தள்ளிவிடுகிறார்கள். அதிகாரிகள் இதைத் துறைமுகத்துக்கே வந்து தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

விடும்போது வலை தண்ணீரில் இருக்கக் கூடாது. என்ஜினை நியூட்ரலில் போட்டு, பின்பக்கம் தாழ்வான இடத்திலிருந்து, தலை முன்னால் போக இறக்குங்கள். பக்கத்தில் வேறு படகு இழுத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தள்ளிப் போய் விடுங்கள். தெளிந்த ஆமையும் களைத்துத்தான் இருக்கும், இரண்டாம் முறை மாட்டினால் பிழைப்பது அரிது.

இதெல்லாம் வலைக்குள் வந்த பிறகான வைத்தியம். வலையின் கடைசியில் மீன் சேரும் பையான மடிக்கு முன்னால் சாய்வாகக் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் இறாலும் மீனும் இடுக்கில் நுழைந்து போகும், ஆமை சட்டத்தில் முட்டி, திறப்பு வழியே வெளியேறும். பிடியில் கொஞ்சம் நழுவும் என்ற முணுமுணுப்பு பொய்யில்லை. அந்த நஷ்டத்தைப் படகுக்காரர் தலையில் மட்டும் கட்டினால் கம்பிச் சட்டம் கரையில்தான் கிடக்கும்.