தாத்தா பெயர் யாருக்கு?

என் மாமியாரின் பைபிளுக்குள் மடித்து வைத்த ஒரு தாள் உண்டு. அவருடைய தாத்தா எழுதியது. மேலே ஒரே வரி: "பிரான்சிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள், 1685." அதற்குக் கீழே நேராக 1790களில் பிறந்த பிள்ளைகளின் பட்டியல் வந்துவிடும். நடுவில் நூறு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை. எண்பது வயது முடிந்த அன்று அந்தத் தாளை என் கையில் கொடுத்து, "நான் இருக்கும்போதே இந்த நூறு வருடத்தை நிரப்பித் தருவாயா?" என்று கேட்டார். கல்யாணமாகி அமெரிக்கா வந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. பதினான்கு மாதம் பிடித்தது.

1685 என்ற வருடம் சும்மா வரவில்லை. பிரான்சின் புராட்டஸ்டன்ட்டுகளுக்கு, அதாவது ஹியூகனாட்டுகளுக்கு, வழிபாட்டு உரிமை கொடுத்து 1598இல் நான்காம் ஹென்றி போட்ட நாந்த் அரசாணையைப் பதினான்காம் லூயி ரத்து செய்த வருடம் அது. பெரும் கூட்டம் ஊரை விட்டு ஓடியது. அதனாலேயே பிரெஞ்சு முன்னோர் உள்ள பல அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் கதையை அந்த வருடத்தில் தொடங்கிவிடுகின்றன. நானும் அதை நம்பி, 1685க்குப் பிறகு வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியலைத் தேடி இரண்டு மாதத்தை வீணாக்கினேன். துறைமுகங்களில் பயணிகள் பட்டியலை ஒழுங்காக வாங்கி வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1820இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் அப்படி ஒரு பட்டியல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

சரி, தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போவோம் என்று ஆரம்பித்தேன். 1850 மக்கள்தொகைக் கணக்கு வரை சுலபம், வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும் இருக்கும். அதற்கு முன், 1790இல் எடுத்த முதல் கணக்கு வரை, குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. உயில், நிலப் பத்திரம், கல்லறைக் கல் எல்லாம் பார்த்து, நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1750களில் பிறந்த ஒருவரிடம் வந்து நின்றேன். அதற்கு மேல் சுவர்.

இணையத்தில் பலர் போட்டிருந்த வம்சாவளிகளில் அவருக்கு அப்பா பெயர் இருந்தது. ஏழு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஏழு பேர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வருடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அம்மாவுக்கு ஒன்பது வயதில் பிள்ளை பிறந்திருக்கிறது! ஒருவர் போட்டதை மற்ற ஆறு பேரும் அப்படியே எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன்: அந்தக் காலத்துப் பதிவேட்டில் என் கண்ணால் பார்க்காத எதையும் தாளில் ஏற்றமாட்டேன்.

அதே கவுண்டியில் உள்ள கிங்ஸ்டன் நகர டச்சுக் கிறிஸ்தவச் சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் 1660இலிருந்து இருக்கின்றன. 1891இல் ராஸ்வெல் ராண்டால் ஹோஸ் என்பவர் அவற்றை எழுத்துக்கு எழுத்து அச்சிட்டிருக்கிறார். தடித்த புத்தகம். பின்னால் உள்ள அட்டவணையில் எங்கள் குடும்பப் பெயர் இல்லவே இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் புத்தியில் பட்டது: அந்தப் பெயரின் முதல் எழுத்து பிரெஞ்சில் எழுத மட்டும் செய்வார்கள், உச்சரிக்கமாட்டார்கள். டச்சுப் போதகர் காதில் விழுந்ததை எழுதினார், ஆகவே அந்த எழுத்தை விட்டுவிட்டார். டோயோ குடும்பம் டேயோ ஆனதும், ஃப்ரேர் ஃப்ரீர் ஆனதும் இதே ஊரில்தான். அப்புறம் நான் பெயரைக் கண்ணால் தேடுவதை விட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தேன். ஐந்து விதமான எழுத்தில் எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

வந்ததில் வேறொரு சிக்கல். ஒரே பெயரில், ஒரே ஊரில், ஒரே காலத்தில் மூன்று பேர். இதில் நம்முடையவர் யார்?

இங்கேதான் எங்கள் வீடு கைகொடுத்தது. என் அண்ணனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று அம்மா கடைசி வரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "பெரியவனே" என்றுதான். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைச் சுமப்பவன். டச்சுக்காரர்களிடமும் அவர்களோடு கலந்த இந்தப் பிரெஞ்சுக்காரர்களிடமும் அதே வழக்கம்: முதல் இரண்டு பையன்களுக்குத் தாத்தாக்கள் பெயர், பெண்களுக்குப் பாட்டிமார் பெயர். ஒரு குழந்தை இறந்துவிட்டால் அடுத்ததற்கு அதே பெயர். அதனால்தான் ஊர் முழுக்க ஒரே பெயர். பிரித்தெடுக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. மூவருடைய பிள்ளைகளையும் பிறந்த வரிசையில் எழுதினேன். ஒருவருடைய பட்டியலில் மட்டும் தாத்தா, பாட்டி பெயர்கள் எங்கள் தாளோடு வரிசையாகப் பொருந்தின.

அது குறிப்புதான், ஆதாரம் ஆகாது. ஆதாரத்தைப் பெண்கள் கொடுத்தார்கள். டச்சுப் பதிவேட்டில் கல்யாணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வருவாள். குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் அப்பா, அம்மா, சாட்சிகள் என்று வரிசை. சாட்சிக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தி. நான்கு குழந்தைகளின் சாட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரே இரண்டு ஆண்கள் மாறி மாறி வந்தார்கள். இருவருக்கும் தாயின் பிறந்த வீட்டுப் பெயர். மூன்று அண்ணன் தம்பிகள் என்ற கதையில் உண்மையில் இருந்தது ஒருவரும் அவருடைய இரண்டு மச்சான்மார்களும்!

முதல் தலைமுறையின் திருமணப் பதிவு இன்னும் மேலே கிடைத்தது, 1670களில். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் 'ஜே.எம்.' என்று இரண்டு எழுத்து. 'யோங்மான்' (Jongman) என்ற டச்சுச் சொல்லின் சுருக்கம், இதற்கு முன் மணமாகாதவர் என்று பொருள். அடுத்து, பிறந்த ஊர்: மான்ஹைம். அப்படியானால் குடும்பம் 1685க்கு முன்பே பிரான்சை விட்டு, ஜெர்மனியின் பால்ட்ஸ் பகுதியில் தங்கி, பிறகு கடல் கடந்திருக்கிறது. பக்கத்து ஊரான நியூ பால்ட்ஸின் பெயரே அந்தப் பகுதியின் நினைவாக வைத்ததுதான். எஸோபஸ் பழங்குடியினரிடமிருந்து 1677 மே மாதம் பன்னிரண்டு பேர் வாங்கிய நிலம் அது. விலைப் பட்டியலில் 40 கெண்டி, 40 கோடரி, 100 கத்தி என்று பொருள்களாகவே இருக்கும்.

நியூ பால்ட்ஸ் சபைக் குறிப்புகள் 1683இல் பிரெஞ்சில் தொடங்கி, பிறகு டச்சுக்கு மாறி, கடைசியில் ஆங்கிலமாகிவிடும். பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் பேசப் போராடும் எனக்கு அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு உயில் எழுதப்பட்டது 1714 நவம்பர், எழுதியவர் இறந்து அது நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது 1714 பிப்ரவரி என்று பார்த்துக் குழம்பிப் போனேன். 1752 வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் புது வருடம் மார்ச் 25இல்தான் பிறக்கும். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1715.

அந்த உயிலைத்தான் நான் மாமியாரிடம் காட்டத் தயங்கினேன். மூத்த மகனுக்கு நிலம், மனைவிக்குப் படுக்கையும் இரண்டு பசுக்களும், அதே வரியில் ஒரு கறுப்பினப் பெண். அவளுக்கு ஒற்றைப் பெயர் மட்டும். அப்பா, ஊர், வயது எதுவும் இல்லை. நியூ பால்ட்ஸை நிறுவியவர்களில் ஒருவரான லூயி டுபுவா 1674இல் கிங்ஸ்டன் ஏலத்தில் இரண்டு அடிமைகளை வாங்கியதற்குப் பதிவு இருக்கிறது. நியூயார்க்கில் அடிமை முறை ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்று. மதத்துக்காக ஊரை விட்டு ஓடி வந்த குடும்பம் இன்னொருத்தியை உயிலில் எழுதி வைத்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு வலித்தது.

மாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை படித்தார். பிறகு பழைய தாளை எடுத்து, "மூன்று அண்ணன் தம்பிகள்" என்பதை அடித்துவிட்டு, நான் கொண்டுவந்த பெயர்களைத் தன் கையாலேயே வரிசையாக எழுதினார். 1714 வந்ததும் நிறுத்தி, "அந்தப் பெண்ணின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள், எழுத்தைச் சொல்" என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.