மூன்று மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர்

டான்சானியாவின் டாங்கா பகுதியில், ஒரு சின்ன மருத்துவமனையின் லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகள் வரும் நாளில் விரல்நுனி ரத்தத்தில் மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பக்கத்து அறையில் நர்ஸ், மலேரியா வராமல் தடுக்க, மூன்று எஸ்.பி. மாத்திரை கொடுப்பார். சல்ஃபடாக்சினும் பைரிமெத்தமினும் சேர்ந்தது. நான்காம் மாதத்திலிருந்து, ஒரு மாதமாவது இடைவெளி விட்டு, பிரசவத்துக்குள் மூன்று தடவையாவது நர்ஸின் கண்முன்னே விழுங்க வேண்டும்.

விதி அது. நடப்பில், பத்து மணிக்கே குடிதண்ணீர் தீர்ந்துவிடும். டம்ளர் இரண்டுதான். "வெறும் வயிறு, குமட்டும், வீட்டில் போட்டுக்கொள்கிறேன்" என்று உடம்பில் சுற்றியிருக்கும் கங்காத் துணியின் நுனியில் மாத்திரையை முடிந்துகொண்டு போவார்கள். நம்ம ஊர் முந்தானை மாதிரியேதான். வெறும் வயிற்றிலும் போடலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. மலேரியாக் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதால், மலேரியாக் காய்ச்சலுக்கு எஸ்.பி. கொடுப்பதை அந்த நாடு 2006-லேயே விட்டுவிட்டது. இப்போது ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின், ஜனங்கள் 'ம்செட்டோ' என்பார்கள், கலவை என்று பொருள். டாங்கா பக்கத்துக் கிருமியில், எஸ்.பி.க்கு அசையாமல் நிற்க உதவும் வழக்கமான ஐந்து மரபணு மாற்றங்களோடு ஆறாவதும் உண்டு. காய்ச்சலுக்கே ஆகாத மாத்திரையைக் கர்ப்பிணிக்கு எதற்குக் கொடுக்கிறோம்?

ஒருநாள் தலைப்பிரசவம் ஒன்று. குழந்தை இரண்டு கிலோ சொச்சம். நஞ்சுக்கொடியில் ஸ்லைடு எடுத்து, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால், கிருமிகளோடு காப்பித்தூள் சிந்தினாற்போல் நிறமித் துகள்கள். கிருமி புகுந்த சிவப்பணுக்கள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், விரல்நுனி ரத்தத்தில் சிக்காமலே போகலாம். படித்ததுதான். ஆனாலும் அந்தப் பெண்ணின் அட்டையில் என் கையெழுத்தில் இரண்டு 'இல்லை' இருந்ததைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அட்டைப்படி மாத்திரையும் இரண்டு தடவை 'கொடுக்கப்பட்டது'. விழுங்கினாளா என்று அட்டை சொல்லவில்லை.

அப்புறம் கென்யா, மலாவி, டான்சானியாவில், கர்ப்பிணிகளுக்கு எஸ்.பி.யையும் வேறொரு மலேரியா மருந்தையும் கொடுத்து ஒப்பிட்ட சோதனையின் முடிவு வந்தது. அந்த மருந்து, டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்-பைப்பராகுயின், மலேரியாவை நன்றாகவே தடுத்தது. குழந்தை எடையிலோ எஸ்.பி.தான் மேல். மலேரியா அல்லாத தொற்றுகளையும் எஸ்.பி. அடக்குவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதற்குப் பிறகு எஸ்.பி.யைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் சந்தையில் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்றும் ஆறு டம்ளரும் வாங்கி வைத்தேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது டம்ளர் நாலு இருந்தது.