உள் பரிசோதனைக்குப் போகிறீர்களா? படிவத்தில் காலிக் கோடு இருக்கிறதா பாருங்கள்

மாதவிடாய் நின்று பல வருடங்கள் கழித்து அம்மாவுக்கு மறுபடி ரத்தம் பட்டது. தள்ளிப்போடுகிற விஷயமில்லை என்று ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சட்டென்று முடிந்தன.

ஸ்கேன் பிரிவில்தான் ஆரம்பித்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அம்மா அடக்கமாட்டாமல் நெளிந்துகொண்டிருந்தபோது, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன், சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும் என்றார்கள். என்ன ஸ்கேன் என்றே அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சம்மதக் கையெழுத்து மட்டும் வாங்கியாகிவிட்டது. படிவத்தை வாங்கிப் பார்த்தால், பரிசோதனையின் பெயர் எழுத வேண்டிய கோடு காலி.

உள்ளே ஆண் மருத்துவர். பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றேன். "நர்ஸ் சாப்பிடப் போயிருக்கிறார், ஐந்து நிமிட வேலைதானே" என்றார் அட்டெண்டர். காத்திருக்கிறோம் என்றேன். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனத்தில் இந்த உரிமை தெளிவாகவே இருக்கிறது. செல்பேசியில் எடுத்துக் காட்டினேன். அவர் படிக்கவில்லை, ஆனால் நர்ஸ் வந்துவிட்டார்.

அம்மா படுத்த பிறகு பயிற்சி மாணவர்கள் சிலர் திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தார்கள். "இங்கே இது வழக்கம்தான்" என்றார் நர்ஸ். யாரையும் மறுத்துப் பேசியறியாத அம்மா, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "வேண்டாம்ப்பா, வெளியே இருங்கள்" என்றார். மருத்துவர் மறுபேச்சின்றி அவர்களை அனுப்பிவிட்டார். கருவிக்கு ஆணுறை மாட்டி, ஜெல் தடவி, "வலித்தால் சொல்லுங்கள் அம்மா, நிறுத்திவிடுகிறேன்" என்றும் சொன்னார். அவர்மீது எனக்குக் குறையில்லை.

கருப்பையிலிருந்து திசு எடுக்க வேண்டும் என்றதும் மறுபடி கவுன்டர். "பழைய கையெழுத்தே போதும். இல்லாவிட்டால் மகள் நீங்களே போட்டுவிடுங்கள்" என்றார் அங்கிருந்த பெண். எனக்குச் சுருக்கென்றது. சமீரா கோலி வழக்கு இதுதானே! நோய் என்னவென்று பார்க்க மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அம்மா சுயநினைவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், நான் ஏன் போட வேண்டும்? புதுப் படிவத்தில் செய்யப்போவதைத் தமிழில் எழுதவைத்து, வாசித்துக் காட்டச் சொல்லி, அம்மாவே கையெழுத்திட்டார்.

திசு முடிவில் பயப்பட ஒன்றுமில்லை.

கிளம்பும் முன் ஆவணங்களின் நகலைக் கேட்டுவிடுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. எங்களிடம் முதலில் முடியாது என்றார்கள். எழுதிக் கொடுத்ததும் ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார்கள், அதற்கும் காசு வாங்கிக்கொண்டு.