பர்ரார்ட் பாலம்: அகலப்படுத்தாமலே கிடைத்த இடம்

கனடாவின் வான்கூவர் நகரில் ஃபால்ஸ் கிரீக் என்னும் கடற்கழியைக் கடக்கும் பர்ரார்ட் பாலம், 1932 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. ஆறு தடங்களும் கார்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்ததால், ஓரத்து ஒடுக்கமான நடைபாதைகளில்தான் நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் பல ஆண்டுகள் ஒருவரையொருவர் உரசியபடி சென்றார்கள். சற்றுத் தடுமாறினால், நடைபாதை விளிம்பிலிருந்து நேரே வண்டிகளுக்கு நடுவே விழ வேண்டியதுதான்.

இதற்கு இரண்டே வழிகள் இருந்தன: நடைபாதைகளை வெளிப்புறமாக நீட்டுவது, அல்லது கார்களிடமிருந்து ஒரு தடத்தை வாங்குவது. முதல் வழியில் செலவு மிகுதி. அதோடு கான்கிரீட் கோபுரங்களும் அலங்காரக் கைப்பிடிச்சுவரும் கொண்ட பாலத்தின் பழைய தோற்றமும் கெட்டுவிடும் என்று மரபுச் சின்ன ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். இரண்டாவது வழியை 1996இல் சோதித்துப் பார்த்த மாநகராட்சி, கார் ஓட்டிகளின் கூச்சலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒரே வாரத்தில் கைவிட்டது. 2009 ஜூலையில் மீண்டும் தொடங்கியபோது ஊர் ஸ்தம்பிக்கும் என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. தெற்கே செல்லும் ஒரு தடம் கான்கிரீட் தடுப்புக்குப் பின்னால் மிதிவண்டிகளுக்குக் கிடைத்தது. ஆனால் வடக்கே செல்லும் மிதிவண்டிகளுக்குக் கிழக்கு நடைபாதையைக் கொடுத்ததால், நடப்பவர்கள் மேற்குப் பக்கம் மட்டுமே போக முடிந்தது. ஒருவருக்குச் செய்த நியாயத்தின் விலையை இன்னொருவர் கொடுத்தார் என்றே இதைச் சொல்வேன்.

அந்தக் குறை 2016–17 புனரமைப்பில்தான் தீர்ந்தது. சிதைந்துபோயிருந்த கைப்பிடிச்சுவரை எப்படியும் மாற்றியாக வேண்டியிருந்தது. அதைப் பழைய வடிவிலேயே புதிதாக அமைத்த கையோடு, வடக்கு நோக்கிய தடங்களிலும் ஒன்றை எடுத்து மிதிவண்டிக்குக் கொடுத்து, கிழக்கு நடைபாதையை நடப்பவர்களிடம் திருப்பி ஒப்படைத்தார்கள். பராமரிப்புக்காகப் பாலத்தில் கை வைக்கும் நேரமே இடத்தைப் பங்கு பிரிக்கவும் தக்க நேரம். அதைத் தவறவிட்டால், அடுத்த வாய்ப்புக்கு இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், பாலத்தின் மேல் செய்த வேலையைவிட அதன் வடமுனையில் பசிஃபிக் தெருச் சந்திப்பில் செய்த வேலையே கடினமானது. பாலத்தின் மேல் யாரும் குறுக்கே திரும்புவதில்லை; சந்திப்பிலோ, வலப்பக்கம் திரும்பும் காரும் நேரே போகும் மிதிவண்டியும் ஒரே புள்ளியைக் கடந்தாக வேண்டும். அங்கே வலப்பக்கம் திரும்பும் கார்களுக்குத் தனி சிக்னல் வைத்து இரண்டையும் நேரத்தால் பிரித்தார்கள். அது இல்லாதிருந்தால், பாலத்தின் மேல் கிடைத்த பாதுகாப்பு முழுவதும் அதன் முனையிலேயே முடிந்துபோயிருக்கும்.

தற்கொலைகளைத் தடுக்கக் கைப்பிடிச்சுவரின் மேல் நிறுத்திய உயரமான உலோகக் கம்பிவேலி பற்றி இன்னும் முணுமுணுப்பு உண்டு. நடப்பவரின் கண்ணுக்கு முன்னால் மலைகளையும் விரிகுடாவையும் அது கோடு கோடாக வெட்டுவது உண்மைதான். என்றாலும், அந்த வேலியை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.