பின் டிஸ்க்கும் ஹேண்ட் பிரேக்கும்: வேலைக் குறிப்பு

2025 மார்ச் 8, சனி

காரின் பின் சக்கர பிரேக் டிஸ்க் இரண்டையும் கழற்றிப் புதிது போட வேண்டிய நாள். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இல்லை. டிஸ்க்கின் நடுவே கிண்ணமாகக் குழிந்த பகுதிக்குள், இரண்டு ஷூ (விரிந்து உள்சுவரை அழுத்தும் வளைந்த கட்டைகள்) வைத்த சின்ன டிரம் பிரேக்காக இருக்கிறது. ஆகவே ஹேண்ட் பிரேக் லிவரை முழுக்க இறக்கியாக வேண்டும். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தியாயிற்று. ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கழற்றிய காலிப்பர் கம்பியில் தொங்குகிறது. அதன் எடை பிரேக் ஆயிலுக்கான ரப்பர் ஹோஸில் விழக் கூடாது. டிஸ்க்கில் மரை வெட்டிய ஓட்டை இரண்டு உண்டு. அவற்றில் 8 மி.மீ. போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்க, இடது டிஸ்க் வந்துவிட்டது. வலது சுழல்கிறது, ஆனால் கொஞ்சம் வெளியே வந்து நின்றுகொள்கிறது. ஷூ உரசிய இடம் தேய்ந்து, கிண்ணத்தின் விளிம்பில் துருவேறிய வரப்பு நிற்கும். ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். இங்கே சுத்தியலால் அடித்தால் ஷூவைப் பிடித்திருக்கும் பின்கள் பிய்ந்துவிடும். ரப்பர் மூடியை எடுத்து, அந்த ஓட்டை வழியே ஸ்குரூ டிரைவரால், ஷூவை விரித்துச் சுருக்கும் பல்சக்கரத்தைத் தளர்த்தியதும் டிஸ்க் கையோடு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

காலை முழுவதும் ஹப், அதாவது டிஸ்க் உட்காரும் சக்கர மையப் பகுதி, சுத்தம். பலர் தாண்டிப்போவது இதைத்தான். ஹப் விட்டம் 140 மி.மீ., டிஸ்க் 280 என்றால், ஹப் ஓரத்தில் சிக்கிய 0.05 மி.மீ. துரு டிஸ்க் விளிம்பில் 0.1 மி.மீ. ஆட்டமாகிவிடும். புது டிஸ்க்கின் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்து, வாஷர் வைத்து எல்லா நட்டையும் இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்தால் வலப்பக்கம் 0.09 மி.மீ. மறுபடி கழற்றிப் பார்த்தால், ஹப்பில் நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் ஒன்றின் அடியைச் சுற்றி மோதிரம்போல் மெல்லிய துரு. வயர் பிரஷ் அங்கே எட்டியிருக்கவில்லை. எமரித் தாளைச் சுருட்டித் தேய்த்ததும் 0.03.

ஷூ ஓரம் உரசும் இடங்களில், பின்தகட்டில், சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். அதிகமானால் உருகி, ஷூவின் உரசும் பரப்பான லைனிங்கில் ஏறும்.

மார்ச் 10, திங்கள்

ஹேண்ட் பிரேக் சரிசெய்தல். வேலைக்கு முன்பு லிவர் 11 கிளிக் ஏறியது. கையேட்டில் 6 முதல் 8. லிவரிலிருந்து ஷூவுக்குப் போகும் கேபிளை இறுக்கினால் எண்ணிக்கை உடனே குறையும், ஆனால் அது தப்பு. லிவரை இறக்கிய பிறகும் ஷூ முழுக்கச் சுருங்காது. ஓடும்போது உரசிச் சூடாகும். முதலில் ஷூ, பிறகுதான் கேபிள்.

டிஸ்க் கையால் சுழலாத அளவுக்குப் பல்சக்கரத்தை இறுக்கி, கையேட்டின்படி 8 பல் பின்வாங்கினேன். லிவரை நாலைந்து முறை இழுத்துவிட்டால் ஷூ நடுவாக அமரும். பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும். இலேசான உரசல் சத்தம் பரவாயில்லை, கை கனத்தால் இன்னும் ஒரு பல் தளர்த்தலாம். கேபிளைத் தொடாமலே 7 கிளிக்.

காலிப்பர் போல்ட்டும் சக்கர நட்டும், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில், கையேட்டு அளவுக்கு. வண்டியை நகர்த்துமுன் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை மிதித்தாக வேண்டும். காலிப்பரின் பிஸ்டன் உள்ளே தள்ளியிருக்கிறது, முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

மார்ச் 22, சனி

ஷூ படிந்த பின் மறு சோதனை: 8 கிளிக். இருபுறமும் பல்சக்கரத்தை ஒரு பல் இறுக்கியதும் 7. ஓட்டி நிறுத்திய பின் இரு ஹப்பிலும் ஒரே அளவு சூடு.